கற்றதைக் கடனாகக் கருதிய துறவி: சுவாமி விபுலாநந்த அடிகளார்

விசயதசமி நன்னாளில் பச்சரிசி பரப்பிய தட்டின்முன் குழந்தையை அமர்த்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவிப்பது சைவ மக்களிடையே தொன்றுதொட்டு நிகழ்ந்து வரும் மரபாகும். அன்று குழந்தையின் விரலைப் பிடிக்கும் கை, ஒரு காலத்தில் வேறொருவர் பிடித்து எழுதுவித்த கையேயாம். கல்வி இவ்வாறு கைக்குக் கை மாறி வருகின்றது. ஆதலின் கற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கடனைச் சுமந்தே வாழ்கின்றார். அக்கடனை ஆசிரியரிடமே திருப்பிச் செலுத்த இயலாது. இன்னும் கல்லாதிருக்கும் ஒருவர்க்குக் கற்பிப்பதனாலேயே அது தீரும்.

இவ்வுண்மையைத் தம் வாழ்வு முழுவதும் கடைப்பிடித்த பெருந்தகை சுவாமி விபுலாநந்த அடிகளார். முத்தமிழ் வித்தகர் என்றும், யாழ்நூல் தந்த ஆசிரியர் என்றும் தமிழுலகம் அவரைப் போற்றுகின்றது. பேரறிஞராகிய அவர் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் சேரிப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்த ஆசிரியராகவும் திகழ்ந்தார். மதிப்பு, கல்வி, சமுதாயக் கடமை என்னும் மூன்றும் அவருடைய அன்றாட வாழ்வில் ஒன்றாகவே கலந்து நின்றன.

காரைதீவில் தோன்றிய ஒளி

இலங்கைத் தீவின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே கடலும் வயலும் சூழ அமைந்தது காரைதீவு என்னும் பழம்பதி. அவ்வூரில் கண்ணகி அம்மன் திருக்கோயில் சிறப்புற்று விளங்குகின்றது. பத்தினித் தெய்வமாகிய கண்ணகிக்கு வைகாசித் திங்களில் குளிர்த்திச் சடங்கு செய்து வழிபடுவது அப்பகுதி மக்களின் வழக்கம். சிலப்பதிகாரக் காப்பியம் ஏட்டோடு நின்றுவிடாது, மக்களின் வழிபாட்டிலும் பாட்டிலும் உயிரோடு உலவும் நிலம் அது.

அத்தகைய ஊரில் 1892-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாக அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம் என்பதாம். முருகப்பெருமானின் திருப்பெயரைத் தாங்கிய அப்பிள்ளை கண்ணகி கோயிலின் நிழலிலே வளர்ந்தது. பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தின் இசை நுட்பங்களை உலகிற்கு விளக்கப் போகின்றவர் கண்ணகி வழிபாடு தழைத்த மண்ணில் தோன்றியது திருவருட் செயலென்றே அன்பர்கள் கருதுவர்.

ஆசிரியரை மறவாத மாணவர்

ஊரிலேயே தொடக்கக் கல்வி பெற்ற மயில்வாகனனாருக்குக் குஞ்சித்தம்பி என்னும் ஆசிரியர் தமிழும் ஆங்கிலமும் கற்பித்தார். அந்நன்றியை மறவாத மாணவர், சிறு பிராயத்திலேயே தம் ஆசிரியரைப் போற்றிச் செய்யுள் இயற்றினார். அவருடைய கவித்திறன் முதன்முதல் வெளிப்பட்ட செய்யுட்களுள் ஒன்று ஆசிரிய வணக்கமாகவே அமைந்தது கருதத்தக்கது. பின்னாளில் எத்தனையோ பெரும்பதவிகள் வந்தெய்திய போதும் தமக்கு எழுத்தறிவித்தவரை அவர் உயர்வாகவே வைத்துப் போற்றினார்.

கல்முனையில் மெதடிஸ்த திருச்சபையார் நடத்திய பள்ளியிலும், பின்னர் மட்டக்களப்பில் கத்தோலிக்கக் குருமார் நடத்திய புனித மைக்கேல் கல்லூரியிலும் அவர் பயின்றார். 1908-ஆம் ஆண்டில், பதினாறாம் அகவையில், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் வெற்றி பெற்றார். தாம் பயின்ற கல்லூரியிலேயே சிறிது காலம் ஆசிரியராகவும் பணிபுரிந்தார்.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெற விரும்பிய இந்துப் பிள்ளைகளுக்கு இத்தகைய பள்ளிகளே பெரும்பாலும் வாய்த்தன. அங்கே பயின்றும் மயில்வாகனனார் தம் சமயப் பற்றிலிருந்து சிறிதும் வழுவவில்லை. தம் சமயத்தில் உறுதியாக நின்றமையால் பிற சமயத்தாராகிய தம் ஆசிரியர்களை மதிப்பதில் குறையும் வைக்கவில்லை. தன் நெறியில் ஆழ வேரூன்றியவர் பிறர் நெறியைக் கண்டு அஞ்சுவதோ வெறுப்பதோ இல்லை என்பதற்கு அவருடைய இளமைப் பருவமே சான்றாகும்.

அறிவியலும் தமிழும்

1911-ஆம் ஆண்டு கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்து, மறு ஆண்டில் பயிற்சி பெற்ற ஆசிரியராக அவர் வெளிவந்தார். பின்னர்க் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1916-இல் அறிவியலில் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கம் நடத்திய பண்டிதர் தேர்விலும் வெற்றி பெற்றார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் முதன்முதல் வெற்றி பெற்றவர் என்னும் பெருமையும் அவரைச் சார்ந்தது.

ஒரே ஆண்டில் அறிவியற் பட்டமும் தமிழ்ப் பண்டிதப் பட்டமும் பெற்றமை இவர்தம் கல்வியின் இயல்பை நன்கு காட்டுகின்றது. ஆங்கிலம் கற்றோர் தமிழை இகழ்வதும், தமிழ் கற்றோர் புதிய அறிவியலைக் கண்டு ஒதுங்குவதும் அக்காலத்துப் பொதுவழக்கு. மயில்வாகனனார் அவ்விரு குறைகளுக்கும் இடங்கொடுக்கவில்லை. பகலிற் கற்ற கணிதத்தையும் பௌதிகத்தையும் இரவில் ஓதிய இலக்கணத்தோடு முரண்பட்டவையாக அவர் எண்ணவில்லை. பிற்காலத்தில் யாழின் நரம்பை அளந்து இசையின் கணக்கை அறிந்தபோது இவ்விரு கல்வியும் ஒருங்கே பயன்பட்டன.

1917-இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராக அமர்ந்தார். அங்குப் பணியாற்றிய காலத்திலேயே தாமே முயன்று படித்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டதாரியானார். 1920-இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. முப்பது அகவை நிரம்புமுன் கல்வியும் பதவியும் நன்மதிப்பும் ஒருங்கே வாய்த்தன. மனையறம் பூண்டு வளமுற வாழ்வதற்கு வேண்டிய அனைத்தும் அவர்முன் இருந்தன.

துறவு ஏற்ற துணிவு

அடிகளாரின் பிள்ளைப் பருவத்தில், 1897-ஆம் ஆண்டு தொடக்கத்தில், சுவாமி விவேகாநந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் வரை சென்று சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டிலேயே இராமகிருஷ்ண மிஷனும் தொடங்கப்பெற்றது. மக்கட்குச் செய்யும் தொண்டே மகேசனுக்குச் செய்யும் வழிபாடு என்னும் அம்மிஷனின் கொள்கை ஈழத்து இளைஞர் பலர் நெஞ்சில் வித்தாக விழுந்தது. 1928-இல் சிங்கப்பூரிலும் இம்மிஷனின் கிளை அமைந்தமை இங்குள்ள அன்பர்கள் அறிந்ததே.

இராமகிருஷ்ண மடத்துத் துறவியர் தொடர்பு மயில்வாகனனாரின் உள்ளத்தை ஈர்த்தது. 1922-இல் தம் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் மடத்தை அடைந்தார். அங்குப் பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயர் பூண்டார். மடத்தின் தமிழ் இதழாகிய இராமகிருஷ்ண விஜயம், ஆங்கில இதழாகிய வேதாந்த கேசரி ஆகியவற்றின் ஆசிரியப் பணியிலும் ஈடுபட்டார். 1924-ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமி நன்னாளில் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று, சுவாமி விபுலாநந்தர் என்னும் திருநாமம் எய்தினார்.

இங்குக் குறிக்கப்பெற்ற சுவாமி சிவானந்தர், பகவான் ஸ்ரீ இராமகிருஷ்ணரின் நேர்ச்சீடர். மிஷனின் இரண்டாவது தலைவராக விளங்கியவர். மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றிப் பின்னர் ரிஷிகேசத்தில் துறவு வாழ்க்கை நடத்திய சுவாமி சிவானந்தர் வேறொருவர். இருவர் திருப்பெயரும் ஒன்றாதலின் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் நலம்.

துறவு பூண்டோர் மலையையும் காட்டையும் நாடிச் செல்வர் என்பது பொதுவான எண்ணம். விபுலாநந்தரோ துறவு பூண்டபின் பள்ளிக்கூடங்களை நாடிச் சென்றார். பொருளையும் பதவியையும் துறந்தாரே தவிர ஆசிரியத் தொழிலை அவர் துறக்கவில்லை. முன்னர் ஊதியம் பெற்றுச் செய்த பணியைப் பின்னர் வழிபாடாகச் செய்தார். இதுவே அவருடைய துறவின் தனிச்சிறப்பு.

பள்ளிகள் வளர்த்த பெருமான்

1925-இல் இலங்கைக்கு மீண்ட அடிகளார் இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளின் மேலாண்மைப் பொறுப்பை ஏற்றார். யாழ்ப்பாணத்து வைத்தீசுவர வித்தியாலயமும் திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவருடைய கண்காணிப்பிலே வளர்ந்தன. தம் பிறந்தகமாகிய மட்டக்களப்பு நாட்டில் இந்துப் பிள்ளைகள் உயர்தரக் கல்வி பெறத்தக்க பள்ளி ஒன்று இல்லாத குறையை நீக்க முனைந்து, 1929-இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். தம் குருவின் திருப்பெயரையே அதற்குச் சூட்டினார்.

பள்ளி ஒன்றை நிறுவுதல் எளிய செயலன்று. நிலம் வேண்டும், கட்டடம் வேண்டும், நல்லாசிரியர் வேண்டும். அவையனைத்தினும் முதன்மையாகப் பெற்றோர் தம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் நன்மதிப்பு வேண்டும். வயலிலும் கடலிலும் உழைக்கும் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை பள்ளிக்குச் செல்வதெனின் ஒரு கை உழைப்புக் குறையும். அவ்விழப்பைத் தாங்கி எளியோர் தம் மக்களைப் படிக்க அனுப்ப வேண்டுமாயின், அனுப்பும் இடத்தின்மேல் அவர்க்கு உறுதிப்பாடு இருத்தல் இன்றியமையாதது. காவியுடை தரித்த பட்டதாரியாகிய அடிகளார்மீது மக்கள் வைத்த நம்பிக்கையே அவருடைய பள்ளிகளின் அடித்தளமாயிற்று.

கற்றறிந்த ஒருவர் தாம் பிறந்த மண்ணை மறந்து பெருநகரில் அமர்ந்துவிடுவது எக்காலத்தும் எந்நாட்டிலும் காணப்படுவதே. அடிகளார் கொழும்பையும் சென்னையையும் கண்டபின் மட்டக்களப்பின் உப்போடைக் கரைக்குத் திரும்பி வந்தார். தமக்குச் சிறுவயதில் கிடைத்தற்கு அரிதாயிருந்த வாய்ப்புத் தமக்குப் பின்வரும் பிள்ளைகளுக்கு எளிதாதல் வேண்டும் என்பதே அவர் கொண்ட உறுதி.

திருவேட்களத்து மாலைப் பொழுதுகள்

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் நிறுவப்பெற்றது. அங்குத் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு அடிகளார் அழைக்கப்பெற்றார். 1931 முதல் 1933 வரை அப்பதவியில் அவர் விளங்கினார். பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த முதல்வர் என்று அறிஞர்கள் அவரைக் குறிப்பிடுவர்.

பல்கலைக்கழகத்தை அடுத்துள்ளது திருவேட்களம் என்னும் பாடல்பெற்ற தலம். தில்லைக் கூத்தனைத் தரிசிக்க வந்த திருஞானசம்பந்தப் பெருமான், தில்லையின் தூய்மை கருதி அவ்வூரில் தங்க அஞ்சித் திருவேட்களத்தில் தங்கியிருந்து நாள்தோறும் சென்று வழிபட்டார் என்பது வரலாறு. அப்புனித ஊரை ஒட்டியே, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பும் இருந்தது.

பகற்பொழுதில் பல்கலைக்கழக மாணவர்க்குச் சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் கற்பித்த பேராசிரியர், மாலைப் பொழுதில் அக்குடியிருப்பை நோக்கி நடந்து சென்றார். அங்கிருந்த பிள்ளைகளைக் கூட்டி எழுத்தறிவித்தார். அவர்தம் பெற்றோரோடு அளவளாவினார். உயர்குலத்தாரும் கற்றவரும் கால்வைக்கத் தயங்கிய இடத்திற்குக் காவியுடை தரித்த துறவி ஒருவர் நாள்தோறும் செல்வது அக்காலத்தில் எளிதாகக் கருதத்தக்க செயலன்று. ஆலயப் பிரவேசத்திற்குத் துணைநின்ற சட்டம் சென்னை மாகாணத்தில் 1939-இல் தான் வந்தது. மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலினுள் ஒதுக்கப்பட்ட மக்கள் சென்று வழிபட்டதும் அவ்வாண்டிலேதான். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, திருக்கோயிலின் வாயில் திறவாத மக்களிடம் கல்வியின் வாயிலைத் திறந்துகொண்டு அடிகளார் சென்றார்.

இச்செயலை இரக்கத்தினால் எழுந்த உதவி என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. இரங்குபவர் மேலே நின்று கீழே கொடுப்பர். அடிகளார் அம்மக்களின் இருப்பிடத்திற்கே சென்று, அவர்களோடு அமர்ந்து கற்பித்தார். பட்டம் பெற வந்த மாணவர்க்கு எந்த ஆசிரியர் கற்பித்தாரோ அதே ஆசிரியரே அகர முதல எழுத்துகளை அச்சிறார்க்கும் கற்பித்தார். அவர்களும் அத்தகைய ஆசிரியரைப் பெறுதற்குரியவர்களே என்னும் எண்ணம் அதில் அடங்கியிருந்தது. மதிப்பு என்பதன் உண்மைப் பொருளை அம்மாலைப் பொழுதுகள் விளக்கி நின்றன.

சேரிக்குச் சென்ற அதே உள்ளமே பாரதியாரின் பெருமையையும் உணர்த்தியது. 1921-இல் மறைந்த பாரதியாரை எளிய நடையில் பாடியவர் என்று கருதிப் புலவர் பலர் பெரும்புலவர் வரிசையில் வைக்கத் தயங்கிய காலம் அது. தமிழ்ப் பேராசிரியராகிய அடிகளாரோ பாரதியார் பாடல்களை மாணவரிடையே பரப்பினார். பழந்தமிழில் ஆழ்ந்து தோய்ந்தவர் ஒருவரே முன்வந்து புதுக்கவிஞரை ஏற்றமையால், கற்றோர் அவையில் பாரதியாருக்கு மதிப்புப் பெருகியது.

தாய்மொழியில் அறிவியல்

தாம் ஆங்கிலத்திற் கற்ற அறிவியல் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கிட்டவேண்டும் என்பது அடிகளாரின் நெடுநாள் விருப்பம். அதற்கு வேண்டிய கலைச்சொற்களை ஆக்கும் பணி சென்னையில் தொடங்கியபோது அவர் அதில் முன்னின்றார். 1936-இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். வேதியியற் சொற்களை வகுத்த குழுவிற்கும் அவரே தலைவராக விளங்கினார். அறிஞர் பலர் கூடி உழைத்த அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்களின் தொகுதி 1938-இல் வெளிவந்தது.

பள்ளிப் பிள்ளை ஒருவன் புரியாத சொல்லை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பதற்கும், தன் வீட்டில் வழங்கும் மொழியிற் பொருளுணர்ந்து கற்பதற்கும் உள்ள வேறுபாட்டை நல்லாசிரியர் அறிவர். அடிகளாரின் சொல்லாக்கப் பணி அவ்வேறுபாட்டை உணர்ந்த ஆசிரியரின் பணியாகும். மேலைநாட்டு இலக்கியத்தையும் இவ்வாறே தமிழர்க்கு உரியதாக்கினார். ஆங்கில நாடகப் பேராசிரியராகிய சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி அவர் எழுதிய மதங்க சூளாமணி என்னும் நூல் 1926-இல் வெளிவந்தது.

பிற சமயத்தாரிடம் காட்டிய அன்பு

1939-இல் இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதி ஆசிரமத்திற்குச் சென்று, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக அடிகளார் சில காலம் பணியாற்றினார். பின்னர் இலங்கைக்கு மீண்டு கிழக்குப் பகுதியிலே தங்கினார். அப்போது கல்முனையில் அரசின் உயர் அலுவலராக இருந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ் என்னும் அறிஞர். இளமையில் யாழ்ப்பாணத்து வைத்தீசுவர வித்தியாலயத்திற் பயின்ற இசுலாமியர் அவர்.

தம் சமுதாயத்துப் பிள்ளைகள் கல்வியிற் பின்தங்கியிருப்பது கண்டு வருந்திய அஸீஸ் அவர்களுக்கு அடிகளாரின் நட்பு பெருந்துணையாயிற்று. 1942-இல் கல்முனையில் முஸ்லிம்களுக்கென ஒரு கல்விச் சங்கம் தோன்றியது. அதனைத் தொடர்ந்து 1945-இல் வறிய முஸ்லிம் மாணவர்க்கு உதவும் கல்வி நிதி ஒன்றையும் அஸீஸ் அவர்கள் உருவாக்கினார். பல்லினத்தாரும் பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் நாட்டில், அண்டை வீட்டாரின் பிள்ளை கல்லாதிருப்பதையும் தன் குறையாகக் கருதுவதே உண்மையான நல்லிணக்கம். விழா மேடையில் மட்டும் வெளிப்படும் ஒற்றுமையினும் இவ்வகை ஒற்றுமையே நிலைத்து நிற்கும்.

1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் அமர்ந்தார். இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தமிழ்ப் பீடத்தை முதன்முதல் அணிசெய்த சிறப்பு இவ்வாறு அவருக்கே உரியதாயிற்று.

திருக்கோயிலில் அரங்கேறிய யாழ்நூல்

பழந்தமிழர் போற்றிய இசைக்கருவியாகிய யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அதன் வடிவத்தையும் நரம்புகளையும் பற்றிய குறிப்புகள் சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் சிதறிக் கிடந்தன. அவற்றின் பொருளைத் தெளிவாக உணர்ந்தவர் அரியர். அடிகளார் பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்து அம்மறைந்த கருவியை மீட்டெடுத்தார். புலமையினால் பழைய உரையை விளக்கினார். கணிதத்தினால் நரம்பின் அளவையும் சுரத்தின் நிலையையும் கணக்கிட்டார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் ஆகியவற்றின் இயல்புகள் இவ்வாறு புலனாயின.

இந்நூலின்கண் தேவாரவியல் என்றொரு பகுதியும் அமைந்துள்ளது. மூவர் முதலிகள் அருளிய பதிகங்களின் பண்கள் பழந்தமிழிசையோடு கொண்ட தொடர்பு அங்கு ஆராயப்படுகின்றது. திருக்கோயிலில் ஓதுவாமூர்த்திகள் பாடும் பண்ணிசை ஈராயிரம் ஆண்டு இசைமரபின் வழிவந்தது என்பதை அடிகளாரின் ஆராய்ச்சி நிலைநாட்டியது. காலையும் மாலையும் கேட்டுப் பழகிய தேவாரத்தின் அருமையை உணர்த்தியதற்காக அன்பர் அனைவரும் அவருக்கு நன்றி பாராட்டக் கடமைப்பட்டவராவர்.

நச்சாந்துபட்டிச் சிதம்பரம் செட்டியார் அவர்களின் பொருளுதவியும் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவும் நூல் வெளிவரத் துணைபுரிந்தன. 1947-ஆம் ஆண்டு சூன் 5, 6 ஆகிய நாள்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. ஆற்றில் வெள்ளம் பெருகிய வேளையில், ஓடக்காரர் இன்றியே திருஞானசம்பந்தர் பதிகம் பாடி ஓடம் செலுத்தி அக்கரை சேர்ந்ததாகப் போற்றப்படும் தலம் அது. அடிகளார் கண்டறிந்த அளவின்படி அமைத்த யாழ்கள் அங்கே இசைக்கப்பட்டன. பல நூற்றாண்டுகளாக ஒலி அடங்கியிருந்த கருவி இறைவன் திருமுன்னர் மீண்டும் ஒலித்தது.

அவ்வேளையில் அடிகளாரின் உடல்நலம் பெரிதும் குன்றியிருந்தது. ஓய்வின்றி உழைத்த உடல் தளர்ந்தபோதும் நூலை நிறைவு செய்யும் உறுதி தளரவில்லை. தாம் அறிந்தது தம்மோடு மறைந்துவிடலாகாது, பின்வருவோர் கையில் அதனை ஒப்படைத்தல் வேண்டும் என்பதே அவ்வுறுதிக்குக் காரணமாம். அரங்கேற்றம் நிகழ்ந்து ஏறத்தாழ ஆறு வாரங்களே கடந்த நிலையில், 1947 சூலை 19-ஆம் நாள், கொழும்பில் அடிகளார் இறைவன் திருவடி எய்தினார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தைந்து.

பள்ளி முற்றத்தில் அமைந்த சமாதி

அடிகளாரின் திருவுடல் மட்டக்களப்பிற்குக் கொண்டுவரப்பெற்று, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றது. மாணவர் ஓடியாடும் பள்ளி முற்றமே அவர்க்கு இறுதி உறைவிடமாயிற்று. இறைவனுக்கு உகந்த மலர் எதுவென்று வினவி, அன்பர்தம் தூய உள்ளமே அவன் விரும்பும் மலர் என விடை கூறும் அவருடைய பாடல் அச்சமாதியிற் பொறிக்கப்பெற்றுள்ளது. பூசைக்கு மலர் கொய்யும் அன்பர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத்தக்க கருத்து அது.

அடிகளார் திரட்டி வைத்த பொருள் எதுவுமில்லை. வகித்த பதவிகள் ஒவ்வொன்றையும் பணி முடிந்ததும் விட்டு நீங்கினார். ஆயினும் அவர் நிறுவிய பள்ளியும், ஆக்கிய நூலும், கற்பித்த மாணவர் வழிவந்த தலைமுறைகளும் அவர் புகழைப் பேசி நிற்கின்றன. திருவேட்களத்துச் சேரியில் அவரிடம் எழுத்துக் கற்ற பிள்ளைகளின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. எனினும் அவர்களுள் ஒருவர் தம் மகனுக்கோ மகளுக்கோ கையைப் பிடித்து எழுதுவித்திருப்பின், அடிகளார் தீர்த்த கடன் அங்கே மற்றொருவர்க்குக் கைமாறிச் சென்றிருக்கும்.

அன்பர் கடமை

அடிகளாரின் வாழ்வு பேரறிஞர்க்கு மட்டும் உரிய பாடமன்று. தம் பிள்ளைக்கு எழுத்தறிவித்த ஆசிரியரைக் கண்டவிடத்து எழுந்து நின்று வணங்குதல் எவர்க்கும் இயலும். பகலெல்லாம் உழைத்துத் திரும்பும் பெற்றோரின் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மாலை பாடம் சொல்லிக் கொடுத்தல் கற்ற இளைஞர் எவர்க்கும் கூடும். திருக்கோயில் மண்டபத்தில் தேவாரம் பயிலும் சிறுவர் நடுவே, வசதியற்ற வீட்டுப் பிள்ளையைப் பின்னே நிறுத்தாது முன்னே அமர்த்துதல் நிருவாகத்தார்க்கும் அடியார்க்கும் உரிய கடமை. அயலார் வேறு மொழியினராயினும் வேறு சமயத்தினராயினும் அவர்தம் பிள்ளைகளின் உயர்வில் மகிழ்ச்சி கொள்ளுதல் அடிகளார் காட்டிய நெறி.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை, பெரும்பதவியும் வேண்டுவதில்லை. பகலிற் பல்கலைக்கழகப் பீடத்தில் அமர்ந்தவர் மாலையில் சேரியை நோக்கி நடந்த அந்தச் சிறு தொலைவைக் கடக்கும் மனம் ஒன்றே வேண்டும்.

விசயதசமியன்று அரிசித் தட்டின்முன் அமரும் குழந்தை எவ்வீட்டுக் குழந்தையாயினும், அதன் விரலைப் பிடிக்கும் கை அன்போடும் மதிப்போடும் பிடிக்குமாயின், அங்கே அடிகளாரின் தொண்டு தொடர்கின்றது எனலாம். கல்வியைக் கடனாக ஏற்று அதனைக் குறைவின்றித் தீர்த்த சுவாமி விபுலாநந்த அடிகளாரின் திருவடியை நினைந்து, அன்பர் அனைவரும் தத்தம் கடனை இனிது நிறைவேற்ற எல்லாம் வல்ல பரம்பொருள் திருவருள் புரிவதாக.